மதுரை வீரனுக்கு க்ரியோல் தெரியும்: மார்த்தினிக்கில் ஆறு நாள்

முதல் நாள், இரவு

என் பாஸ்போர்ட்டில் இரண்டு பிரெஞ்சு விசாக்கள். ஒன்று பாரிஸில் விமானம் மாறுவதற்கு. இன்னொன்று மார்த்தினிக்குக்கு. கரீபியக் கடலில் இருக்கும் இந்தத் தீவு பிரான்ஸின் பகுதிதான், யூரோதான் செல்லும், ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் இங்கிருப்பவர்களும் ஓட்டுப் போடுகிறார்கள். ஆனால் ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசாவைக் காட்டினால் உள்ளே விடமாட்டார்கள். பாரிஸ் ஓர்லியிலிருந்து எட்டரை மணி நேரம் அட்லாண்டிக்கைக் கடந்தாலும் பிரெஞ்சுக்காரர்களுக்கு இது உள்நாட்டுப் பயணம். விருந்துக்கு அழைத்துவிட்டுத் திண்ணையில் இலை போடுவார்களே, அது ஞாபகத்துக்கு வந்தது. திண்ணையில் உட்கார்ந்திருப்பது நான் இல்லை, இந்தத் தீவு.

விமான நிலையத்துக்கு எமே செசேர் பெயர். 2007-இல் அவர் உயிரோடு இருக்கும்போதே வைத்தார்கள். காலனியத்தைத் தோலுரித்து எழுதிய கவிஞரின் பெயர் எழுதிய கட்டடத்துக்குள் பிரெஞ்சுப் போலீஸ்காரர் என் விசாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எதற்கு வந்திருக்கிறீர்கள்?" சுற்றுலா என்றேன். உண்மையைச் சொன்னால் வரிசை நகராது.

உண்மை இதுதான். காரைக்காலில் ஒரு கல்லூரியில் பதினைந்து வருடமாகப் பின்காலனிய இலக்கியம் நடத்துகிறேன். செசேரும், இதே தீவில் பிறந்த சிந்தனையாளர் ஃபனோனும் பாடத்தில் உண்டு. 1939-இல் வெளிவந்த நெடுங்கவிதையில் செசேர், தான் யார் யாராகவெல்லாம் ஆவேன் என்று அடுக்கிக்கொண்டே போவார். யூதன், ஆப்பிரிக்கக் காஃபிர், கல்கத்தாவின் இந்து, ஓட்டுப் போடாத ஹார்லெம்காரன். போன வருடம் ஒரு மாணவி எழுந்து, "மிஸ், அந்தத் தீவுக்கு நம்ம ஊர்லேர்ந்துதானே ஆள் போனாங்க? அப்புறம் ஏன் கல்கத்தா?" என்று கேட்டாள். பதில் தெரியவில்லை. அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்று சமாளித்தேன். அந்த அடுத்த வகுப்பு இன்னும் வரவில்லை.

இரண்டாம் நாள்

தங்கியிருக்கும் வீட்டுக்கார அம்மாவுக்கு அறுபதைத் தாண்டிய வயது, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. நான் "மாதாம்" என்கிறேன். அவர் என்னை "துதூ" என்கிறார், செல்லம் என்று வைத்துக்கொள்ளலாம். காலையிலேயே ஃபோர்-தெ-ஃபிரான்ஸ் நகரத்துக்குள் என்னை இறக்கிவிட்டு, "சவானில் ஜோசஃபினைத் தேடாதே, இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சவான் என்பது துறைமுகத்தை ஒட்டிய மைதானம். நெப்போலியனின் முதல் மனைவி ஜோசஃபின் இந்தத் தீவில் பிறந்தவர், கரும்புத் தோட்டக்காரர் மகள். 1859-இல் அவருக்கு இங்கே பளிங்குச் சிலை வைத்தார்கள். பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறை தொடர வேண்டும் என்று 1802-இல் நெப்போலியன் முடிவெடுத்ததில் அவருக்கும் பங்குண்டு என்று ஊரில் நம்புகிறார்கள். 1991-இல் ஓர் இரவு யாரோ சிலையின் தலையை வெட்டி எடுத்துப் போய்விட்டார்கள், கழுத்தில் சிவப்புப் பெயின்ட். நகராட்சி புதுத்தலை வைக்கவும் இல்லை, சிலையை அகற்றவும் இல்லை. கிட்டத்தட்ட முப்பது வருடம் முண்டமாகவே நின்று, 2020 ஜூலையில் இளைஞர்கள் கயிறு கட்டி இழுத்தபோது முழுசாக விழுந்தது. அதே ஆண்டு மே மாதம், அடிமை முறையை ஒழித்த ஆணைக்குக் காரணமான விக்தோர் ஷெல்ஷேரின் சிலைகளும் விழுந்தன. ஒரு வெள்ளைக்காரர் எங்களுக்கு விடுதலையைத் தூக்கிக் கொடுத்ததாகச் சொல்லாதீர்கள், 1848 மே 22-இல் நாங்களே எழுந்து வாங்கினோம் என்பது இளைஞர்களின் கட்சி. ஆணை பாரிஸில் ஏப்ரல் 27-ஆம் தேதியே கையெழுத்தானது. கப்பலில் அது வந்து சேருவதற்குள் இங்கே கிளர்ச்சி வெடித்துவிட்டது. தேதிகளைப் பார்த்தால் அவர்கள் பேச்சில் நியாயம் இருக்கிறது.

சிலை இருந்த இடத்தை ஒரு பெரியவர் காட்டினார். தலையில்லாமல் நின்ற காலம்தான் அழகு என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. முழுச் சிலையும் வெறும் இடமும் சொல்லாத ஒன்றை அந்த முண்டம் சொல்லியிருக்கும்.

அப்புறம் சந்தை. மஞ்சளும் சிவப்புமாகக் கட்டம் போட்ட துணி கூரைவரை தொங்குகிறது. அதன் பெயரே "மத்ராஸ்". சோழமண்டலக் கரையில் நெய்த கைக்குட்டைத் துணி, வணிகக் கப்பல்களில் இங்கே வந்து இந்தத் தீவுப் பெண்களின் தலைக்கட்டாகி, இன்று அவர்களின் பாரம்பரிய உடை. முடிச்சில் எத்தனை முனை நிற்கிறது என்பதற்குக் கணக்கு உண்டு. ஒரு முனை என்றால் மனசு காலி. இரண்டு, நிச்சயமாகிவிட்டது. மூன்று, கல்யாணம் ஆனவள். நான்கு என்றால், கல்யாணம் ஆனாலும் முயன்று பார்க்கலாம்! துணிக்கடை அம்மா எனக்கு மூன்று முனை வைத்துக் கட்டிவிட்டுக் கண்ணாடியைக் காட்டினார். நம் துணி அவர்களை விட எனக்குத்தான் பொருந்தவில்லை.

பக்கத்துக் கடையில் கொலோம்போப் பொடி. மல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம், கடுகு. நம் கறிமசாலாவில் மிளகாயைக் கழித்தால் இதுதான். குழம்பு என்ற சொல்லே கொலோம்போ ஆனது என்பார்கள், கொழும்பு நகரத்தின் பெயர் என்பவர்களும் உண்டு. நான் குழம்புக் கட்சி.

மூன்றாம் நாள்

இன்று பாஸ்-புவாந்த். தீவின் வடக்கு மூலை, செசேர் 1913-இல் பிறந்த ஊர். மாதாமின் தம்பி மகன் காரில் கூட்டிப்போனார். போகும் வழியெல்லாம் வாழை. தார்களுக்கு நீலப் பாலித்தீன் உறை மாட்டியிருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தோப்பில் யாரோ துணி காயப்போட்ட மாதிரி இருக்கிறது.

"வாழைப்பழம் சாப்பிடலாம், ஒன்றும் ஆகாது. கீழே விளையும் கிழங்குதான் விஷம்" என்றார் தம்பி மகன். குளோர்தெக்கோன் கதை. வாழைக் கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டை ஒழிக்க 1972 முதல் 1993 வரை இங்கேயும் இன்னொரு பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பிலும் மண்ணில் போட்ட பூச்சிமருந்து அது. அமெரிக்காவில் தயாரித்த ஆலைத் தொழிலாளர்களுக்கு நரம்பு பாதித்து, எழுபதுகளிலேயே அங்கே உற்பத்தி நின்றுவிட்டது. பிரான்ஸ் 1990-இல்தான் தடை செய்தது. அதிலும் இந்தத் தீவுகளுக்கு மட்டும் 1993 வரை விதிவிலக்கு. மருந்து மண்ணைப் பிடித்துக்கொண்டு நூற்றாண்டுக் கணக்கில் போகாது. வாழைப்பழத்துக்குள் அது ஏறுவதில்லை, அது சுத்தமாகக் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போகிறது. சேப்பங்கிழங்கு, வள்ளி, சர்க்கரைவள்ளி என ஏழைகள் வீட்டுக் கொல்லையில் தோண்டித் தின்பதில்தான் ஏறுகிறது. மழைநீரோடு போய்க் கடலில் சேர்ந்ததால் கரையோரத்தில் பல இடங்களில் மீன் பிடிக்கவும் தடை. பெரியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் ரத்தத்தில் அது இருக்கிறது என்று அரசின் ஆய்வே சொன்னது. 2006-இல் போட்ட வழக்கை, யாரையும் குற்றம் சாட்ட வழியில்லை என்று 2023 ஜனவரியில் நீதிபதிகள் முடித்துவைத்தார்கள்.

ஓர் இடத்தில் காரை மெதுவாக ஓட்டி, "ஷல்வே" என்றார். 1974 பிப்ரவரியில் வாழைத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வோடு, விஷ மருந்துகளை நிறுத்து என்பதும் அவர்கள் கோரிக்கை. 14-ஆம் தேதி இங்கே போலீஸ் சுட்டதில் ரெனோர் இல்மானி என்ற தொழிலாளி செத்தார். மருந்து அடிப்பவனுக்கு அது விஷம் என்று அப்போதே தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகும் பத்தொன்பது வருடம் போட்டிருக்கிறார்கள்.

கோயில் ஒரு பழைய தோட்டத்துப் பக்கம். சின்ன மண்டபம், சிவப்பும் மஞ்சளும் அடித்த சுவர். உள்ளே மாரியம்மன், இங்கே "மரியேமென்". குதிரைமேல் வாளோடு "மால்தெவிலான்". உச்சரிப்பைக் கேட்டு ஒரு நிமிஷம் முழித்தேன். மீசையைப் பார்த்ததும் பிடிபட்டது, மதுரை வீரன்!

அடிமை முறை ஒழிந்ததும், விடுதலையானவர்கள் தோட்ட முதலாளி சொன்ன கூலிக்கு இறங்கி வரவில்லை. அதற்காகத்தான் நம் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். முதல் கப்பல் 'ஒரேலி' 1853 மே 6-இல் சேன்-பியேரில் வந்து நின்றது. அடுத்த முப்பது வருடத்தில் பெரும்பாலும் புதுச்சேரி, காரைக்கால் துறைகள் வழியாக இந்தத் தீவுக்கு வந்தவர்கள் 25,000 பேருக்கு மேல். ஐந்து வருட ஒப்பந்தம். கூலியை இறக்க வந்தவர்கள் என்று கறுப்பின மக்களுக்குக் கோபம், அதில் தப்பில்லை. ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்ப முடியாத பலர் நகரத்தில் தெருக்கூட்டிகள் ஆனார்கள். எந்தக் கூலியானாலும் ஒரு நாள் சாக்கடைக்கு வந்துதான் சேருவான் என்று இந்தத் தீவின் பேச்சுமொழியான க்ரியோலில் பழமொழியே இருக்கிறது. தம்பி மகன் அதைச் சொல்லிவிட்டு என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பெரியவருக்கு எழுபத்தைந்து இருக்கும். முகம் எங்கள் தெரு முனையில் சைக்கிள் கடை வைத்திருப்பவரின் முகம். நான் காரைக்கால் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு க்ரியோல் தெரியாது. இரண்டு பேரும் பிரெஞ்சில் பேசினோம். மத்தளத்தை "மத்தலோன்" என்றார், தப்பு மேளத்தை "தப்பு" என்றே சொன்னார். முற்றத்து மரத்தைக் காட்டி "வெப்பலே" என்றார். பாகற்காய் இங்கே "பரோக்கா". பாவக்காய் என்று எங்கள் பாட்டி சொல்லும் அதே பாவக்காய்.

வேண்டுதல் நாளில் பூசாரி அருள் வந்து கத்திமேல் நிற்பாராம், கிடா வெட்டிக் கொலோம்போ வைத்து ஊருக்கே சாப்பாடு. பெரியவர் கொஞ்சம் தயங்கி, "இந்தியாவிலிருந்து சிலர் வந்தார்கள். ரத்தப் பலி இந்து மதம் இல்லை, விட்டுவிடுங்கள் என்றார்கள். நீங்கள் சொல்லுங்கள், நாங்கள் செய்வது தப்பா?" என்று கேட்டார். எனக்குக் கூசிவிட்டது. நூற்றியெழுபது வருடம் காப்பாற்றி வைத்திருப்பவர், நேற்று விமானத்தில் வந்து இறங்கிய என்னிடம் சான்றிதழ் கேட்கிறார். எங்கள் ஊரிலும் வீரனுக்குக் கிடாதான் என்றேன். தமிழ்நாட்டில் 2003-இல் கோயில் பலியைத் தடுத்தார்கள், மறு வருடமே சட்டத்தையே எடுத்துவிட்டார்கள் என்றும் சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தார்.

பிறகு ஒரு பாட்டுப் பாடினார். கண்ணை மூடிக்கொண்டு, மத்தளத்தின் ஒரு பக்கத்தை மட்டும் விரலால் தட்டி. நான்கு வரி இருக்கும். எனக்கு "தாயே" புரிந்தது, "வாருமம்மா" புரிந்தது. நடுவில் இருந்தது எல்லாம் தேய்ந்து வழுவழுத்துப் போன கூழாங்கல். அர்த்தம் தெரியுமா என்று கேட்டார். முழுசாகத் தெரியவில்லை என்றேன். "எனக்கும்தான்" என்றார். செல்போனில் பதிவு செய்துகொண்டேன்.

திரும்பும்போது மோர்ன்-ரூழ் வழியாக இறங்கி சேன்-பியேர். 1902 மே 8-இல் பெலே எரிமலை சில நிமிஷங்களில் சுமார் 28,000 பேரோடு அழித்த ஊர். ஒரேலி வந்து நின்ற கரையில் பையன்கள் நீந்திக்கொண்டிருந்தார்கள். இருட்டிவிட்டதால் இடிபாடுகளைப் பார்க்கவில்லை.

கல்கத்தாவுக்கு இன்னும் விடை இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் மத்தளம் அடித்ததைக் கேட்காமல் செசேர் வளர்ந்திருக்க முடியாது. கவிதைக்குத் தூரத்து ஊர் தேவைப்பட்டிருக்கலாம். பக்கத்தில் இருந்த "கூலி" அவர் கண்ணுக்குப் படவில்லை என்றும் இருக்கலாம்.

நான்காம் நாள்

மழை. வீட்டிலேயே இருந்தேன். மதியம் மாதாமோடு சூப்பர்மார்க்கெட்.

அவர் மகள் லியோனில் வேலை பார்க்கிறாள். வீடியோ காலில் அழைத்து, ஒரு பாஸ்தா பாக்கெட்டைக் கேமரா முன்னால் பிடித்தார். அங்கே அவள் தன் அலமாரியிலிருந்து அதே பாக்கெட்டை எடுத்துக் காட்டினாள். அதே படம், அதே எடை. இங்கே விலை ஒன்றரை மடங்குக்கு மேல். "வாரா வாரம் இந்த விளையாட்டு" என்றார் மாதாம், பாக்கெட்டைத் திரும்ப வைத்துக்கொண்டே.

உணவுப் பொருள் விலை பிரான்ஸை விட இங்கே சராசரியாக 40 விழுக்காடு அதிகம் என்பது பிரெஞ்சுப் புள்ளியியல் நிறுவனத்தின் கணக்கு. ஏழாயிரம் கிலோமீட்டர் கப்பல் கூலி ஒரு காரணம். "ஒக்த்ருவா தெ மேர்" என்ற கடல் தீர்வை இன்னொன்று. 17-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய வரி, இன்றும் உயிரோடு இருக்கிறது. அதில்தான் நகராட்சிகள் நடப்பதால் எடுக்கவும் முடியாது. இறக்குமதியையும் கடைகளையும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில குழுமங்கள் வைத்திருப்பது மூன்றாவது காரணம். அவற்றில் சில, பழைய தோட்டக்காரர்களான பெக்கே குடும்பங்களுடையவை. 2009-இல் தீவு ஒரு மாதத்துக்கு மேல் கடையடைத்தது. 2024 செப்டம்பரில் மறுபடி தெருவில் தீ. கொஞ்சம் விலையைக் குறைக்க ஒப்பந்தம் போட்டார்கள். மாதாம் பில்லைப் படித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

பிரான்ஸின் டன்கர்க் துறைமுகத்துக்கு வாழையை ஏற்றிப்போகும் கப்பல்தான் திரும்பும்போது பாஸ்தாவும் வெண்ணெயும் கொண்டுவருகிறது. உலகமயமாக்கல் 1991-க்குப் பிறகு வந்த சங்கதி என்று நாம் வகுப்பில் நடத்துகிறோம். இங்கே அது தோட்டம் போட்ட அன்றே வந்துவிட்டது. விளைவதைத் தின்பதில்லை, தின்பது விளைவதில்லை.

"அப்படியானால் தனிநாடு?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "செசேரே 1946-இல் எங்களைப் பிரான்ஸின் மாவட்டமாக்கச் சட்டம் கொண்டுபோனவர். சம உரிமை கேட்டோம். வந்தது பாதி" என்றார். 2010-இல் கூடுதல் தன்னாட்சி வேண்டுமா என்று வாக்கெடுப்பு வைத்தபோது 79 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். மாதாமும் வேண்டாம்தான். "பென்ஷனை யார் கொடுப்பார்கள், துதூ?"

ஃபனோனை நடத்தும் எனக்கு இதற்குப் பதில் இல்லை. அவர் இங்கே பிறந்து, அல்ஜீரிய விடுதலைக்குப் போய் உழைத்து, அந்த மண்ணிலேயே புதைந்தவர். பென்ஷன் பற்றி அவர் எழுதவில்லை.

ஐந்தாம் நாள்

தெற்கே லெ தியமான். கடலுக்குள் வைரம் மாதிரி ஒரு பாறை. 1804-இல் ஆங்கிலேயர்கள் அதில் பீரங்கி ஏற்றி, போர்க்கப்பல் என்று பதிவு செய்து, ஒன்றரை வருடம் பிரெஞ்சுக்காரர்களைச் சுட்டுக்கொண்டிருந்தார்களாம். பாறையைக் கப்பலாக்கும் புத்தி அவர்களுக்குத்தான் வரும்.

பாறைக்கு எதிரே, புல்சரிவில் பதினைந்து வெள்ளைச் சிலைகள். ஒவ்வொன்றும் ஓர் ஆளை விட உயரம், கை தொங்கி, தோள் சரிந்து, கடலைப் பார்த்து நிற்கின்றன. 1830 ஏப்ரலில், அடிமை வணிகம் சட்டவிரோதமான பிறகும் களவாக ஆட்களை ஏற்றிவந்த கப்பல் ஒன்று இந்தப் பாறைகளில் மோதி உடைந்தது. பிழைத்த அடிமைகள் 86 பேர்தான். சிலைகளைச் செய்தவர் லோரான் வலேர், வைத்தது 1998-இல். அவை பார்ப்பது 110 பாகைத் திசையில், கினி வளைகுடாவை நோக்கி. தூரத்தில் பார்த்தபோது கம்பீரமாகத் தெரிந்தன. கிட்டே போய் ஒன்றின் முதுகுப்பக்கம் நின்றேன். உப்புக் காற்றில் சிமென்ட் பொரிந்து, கழுத்து மடிப்பில் ஒரு பல்லி. வெள்ளை இங்கே துக்கத்தின் நிறமாம். நமக்கும்தான்.

இதே ஊர்க் கல்லறையில் இந்தத் தீவின் எழுத்தாளர் எதுவார் கிலிசான் இருக்கிறார். 1928-இல் பிறந்து 2011-இல் இறந்தவர். எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்க்கும் உலகமயமாக்கலுக்கு எதிராக அவர் "மோந்தியாலித்தே" என்று வேறொரு சொல் வைத்தார். எல்லாரும் எல்லாரோடும் தொட்டுக்கொண்டு, ஆனால் அவரவராகவே இருக்கும் உலகம். அதைவிட எனக்குப் பிடித்தது அவருடைய இன்னொரு வாதம். ஒரு மனிதனை மதிக்க அவனை முழுசாகப் புரிந்துகொண்டாக வேண்டியதில்லை, புரியாமல் இருக்கவும் அவனுக்கு உரிமை உண்டு என்பார். பதினைந்து வருடமாகக் கரும்பலகையில் எழுதிப்போட்ட வரி. பாஸ்-புவாந்த் பெரியவரின் நான்கு வரிப் பாட்டு காதில் ஓடிக்கொண்டே இருந்தது.

வானம் தெளிந்தபோது தெற்கே நீலமாக ஒரு மலை, சென்ட் லூசியா. அங்கேயும் இதே வாழைதான். ஆனால் தனிநாடு. கரீபியச் சிறு விவசாயிகளின் வாழைக்கு ஐரோப்பா கொடுத்துவந்த சலுகையை எதிர்த்து, லத்தீன் அமெரிக்க நாடுகளோடு சேர்ந்து அமெரிக்கா உலக வர்த்தக அமைப்புக்குப் போனது. அமெரிக்கா ஏற்றுமதிக்கு வாழை போடுவதில்லை, அதன் கம்பெனிகள்தான் போடுகின்றன. 1997-இல் தீர்ப்பு ஐரோப்பாவுக்கு எதிராக வந்தது. சென்ட் லூசியாவின் ஏழை விவசாயிகள் ஆயிரக்கணக்கில் வாழையை விட்டார்கள். மார்த்தினிக் ஐரோப்பாவுக்குள்ளேயே இருப்பதால் அதற்கு மானியம் தொடர்கிறது. மாதாமின் பென்ஷன் கணக்கு நினைவுக்கு வந்தது. நேற்று மனசுக்குள் அவரைக் கொஞ்சம் இளக்காரமாக நினைத்துவிட்டேன். வாபஸ்.

ஆறாம் நாள், விமான நிலையம்

மாதாம் நேற்றிரவு கோழிக் கொலோம்போ வைத்தார். கத்தரிக்காயும் உருளையும் போட்டு, இறக்கும்போது எலுமிச்சை பிழிந்து. சேப்பங்கிழங்கு சேர்ப்பதை விட்டுவிட்டாராம். மண் சோதனை செய்த தோட்டத்துக் கிழங்கு கிடைக்கிறது, ஆனாலும் கை போகவில்லை என்றார். நான் மிளகாய்த்தூள் கேட்டேன். அதிர்ச்சியோடு கொடுத்தார்.

பாட்டுப் பதிவை மூன்றாம் நாளே காரைக்காலில் அம்மாவுக்கு அனுப்பியிருந்தேன். இன்று செக்-இன் முடித்து உட்கார்ந்தபோதுதான் பதில் வந்தது, ஒலித்துணுக்காக.

"இது எங்க ஆத்தா பாடுற மாரியம்மன் பாட்டு மாதிரி இருக்குடி. கஞ்சி ஊத்துறப்ப பாடுவாங்க. ரெண்டாவது வரிய மாத்திப் பாடுறாரு அந்தப் பெரியவரு. 'கரகத்திலே' ன்னு வரணும். யாரு தப்பா சொல்லிக்குடுத்தாங்களோ பாவம். நீ இன்னும் அங்கதான இருக்க? ஒரு எட்டு போயி திருத்திச் சொல்லிட்டு வா. புண்ணியமாப் போவும்."

தம்பி மகனின் செல்போன் எண் என்னிடம் இருந்தது. அவரைக் கூப்பிட்டால் பெரியவரிடம் பேசலாம்.

விமானம் ஏறிவிட்டேன் என்று அம்மாவுக்குப் பதில் போட்டேன். ஏற இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.